ஒரு மணி நேரத்துச் சிவப்பு

முப்பத்தாறு படங்கள் கொண்ட ஃபிலிம் சுருள் ஒன்றை வாங்கி, பொங்கலுக்கு நாலு, அக்கா குழந்தையின் காதுகுத்துக்கு எட்டு, ஊரிலிருந்து பாட்டி வந்தால் இரண்டு என்று மனசுக்குள்ளேயே பங்கு பிரித்து, கடைசியில் மூன்று மிச்சமிருக்கிறதே, அதை வீணாக்குவானேன் என்று காமிராவைத் திறக்காமல் சித்திரை வரைக்கும் பீரோவில் வைத்திருந்த வீடுகளில் உங்கள் வீடும் ஒன்றாக இருந்திருக்கும். எங்கள் வீட்டிலும் அப்படித்தான். என்ன, எங்கள் பங்கீட்டில் வானத்துக்கும் ஒரு பங்கு இருந்தது. "இருட்டைப் படம் பிடிக்கவா காசு?" என்று அம்மா கேட்பார், கேட்டுக்கொண்டே அஞ்சறைப் பெட்டிக்கு அடியிலிருந்து நோட்டை எடுத்துக் கொடுப்பார்.

தொண்ணூறுகளின் தொடக்கம் அது. நாங்கள் இருந்தது திருப்பத்தூரில். ஆலங்காயம் தாண்டி ஜவ்வாது மலை ஏறினால் காவலூர். அங்கே 725 மீட்டர் உயரத்தில் வைணு பாப்பு வானோக்கு நிலையம். 1977-ல் யுரேனஸ் கிரகத்தைச் சுற்றி வளையங்கள் இருப்பது தெரியவந்தபோது, அந்த இரவின் அளவீடுகள் எடுக்கப்பட்ட இடங்களில் காவலூரும் ஒன்று. 1986 ஜனவரியில் அங்கே 2.34 மீட்டர் ஆடியுள்ள பெரிய தொலைநோக்கி திறக்கப்பட்டது. இவ்வளவையும் பேருந்து தூரத்தில் வைத்துக்கொண்டு வளர்கிற பையனுக்கு வானத்தின் மேல் கண் போகாமல் இருந்தால்தான் ஆச்சரியம். ஆனால் என்னைப் பிடித்து இழுத்தது ஒரு படம். எங்கள் பள்ளிக் கணக்கு வாத்தியார் — இன்றைக்கும் எனக்கு அவர் 'சார்'தான் — பழைய புத்தகக் கடையில் வாங்கி வைத்திருந்த ஒரு பெரிய புத்தகத்தில் அது இருந்தது. ஆஸ்திரேலியாவிலிருந்து டேவிட் மாலின் எடுத்தது. சிவப்பு, பச்சை, நீலம் என மூன்று வடிகட்டிகள் வழியே மூன்று கறுப்பு வெள்ளைத் தட்டுகளில் தனித்தனியாக எடுத்து, பிறகு ஒன்றாகச் சேர்த்து நிறம் கொண்டுவரும் வித்தையில் அவர் பெரிய கை. ஓரியன் இடுப்புப் பட்டையின் கீழ்க்கோடி நட்சத்திரத்துக்குப் பக்கத்தில் செக்கச்செவேல் என்று விரிந்த ஒளி. அதற்கு முன்னால் கறுப்பாக ஒரு குதிரைத் தலை. அந்தக் குதிரைத் தலையை 1888-ல் முதலில் கவனித்தவர் வில்லியமினா ஃப்ளெமிங், ஹார்வர்டு வானோக்கு நிலைய இயக்குநர் வீட்டில் பணிப்பெண்ணாக வேலைக்குச் சேர்ந்து பிறகு அந்த நிலையத்திலேயே வானியலாளராக உயர்ந்தவர், என்று சார் சொன்னார். எனக்கு அந்த வரலாறு அப்போது காதில் ஏறவில்லை. அந்தச் சிவப்பு மட்டும்தான்.

அந்தச் சிவப்பை யாரும் கண்ணால் பார்த்ததில்லை என்பதைத்தான் என்னால் நம்ப முடியவில்லை. மேகம்போலப் பரந்த ஹைட்ரஜன், பக்கத்து இளம் நட்சத்திரங்களின் புற ஊதாக் கதிர்பட்டு, 656.3 நானோமீட்டர் அலைநீளத்தில் ஒளிர்கிறது. மங்கிய வெளிச்சத்தில் வேலை செய்யும் நம் கண்ணின் செல்களுக்கோ அந்த ஆழ்ந்த சிவப்பு கிட்டத்தட்ட இல்லாத நிறம். எவ்வளவு பெரிய தொலைநோக்கியில் கண்ணை வைத்தாலும் சாம்பல் பூத்தாற்போல ஒரு புகைதான் தெரியும். மானோசெரோஸ் மண்டலத்து ரோசெட் நெபுலா நிலவைப்போல இரண்டு மடங்குக்கு மேல் அகலம், இருந்தும் வெறுங்கண்ணுக்கு அந்த ஒளி தெரியவே தெரியாது. கண் பார்க்கும் வெளிச்சத்தைச் சேர்த்து வைக்காது; ஒரு நொடியின் சிறு பகுதிக்குள் வந்ததைக் கணக்கு முடித்துவிட்டு அடுத்ததற்குப் போய்விடும். ஃபிலிம் சேர்த்து வைக்கும். அந்த வித்தியாசத்தை நம்பித்தான் நானும் சாரும் இரவெல்லாம் மலையில் உட்கார்ந்தோம்.

ஃபிலிமும் முழுக்கக் கை கொடுக்கவில்லை. நூறு ஒளித்துகள் வந்து விழுந்தால் அது ஓரிரண்டைத்தான் பதிவு செய்யும். அதோடு, பந்தியில் பசியடங்கியவன் கையைப்போல, நேரம் போகப் போக அதன் வேகமும் குறையும்; கால்மணி நேரத்தில் விழுந்ததைப்போல நாலு மடங்கு ஒரு மணி நேரத்தில் விழாது. அமெரிக்காவில் ஃபிலிமை ஹைட்ரஜன் கலந்த வாயுவில் வைத்துச் சூடாக்கி அந்தச் சோர்வைப் போக்குகிறார்கள் என்று பத்திரிகைகளில் படிப்போம். திருப்பத்தூரில் அதற்கு எங்கே போவது? கிடைக்கிற 400 வேக நெகட்டிவ் ஃபிலிமை வாங்கி, நேரத்தைக் கூட்டினோம்.

நேரத்தைக் கூட்டினால் பூமி சுழல்கிறது. நட்சத்திரங்கள் கோடாக இழுபடும். அதற்கு ஒரு எளிய கருவி உண்டு: இரண்டு பலகை, ஒரு கீல், ஒரு போல்ட். கீலின் அச்சு வட துருவத்தைப் பார்க்க வேண்டும். போல்ட்டை நிமிடத்துக்கு ஒரு சுற்றுத் திருப்பினால் மேல் பலகை வானத்தோடு சேர்ந்து நகரும். மரையின் இடைவெளி ஒரு மில்லிமீட்டர் என்றால் கீலிலிருந்து போல்ட் சரியாக 22.9 சென்டிமீட்டர் தள்ளி இருக்க வேண்டும் என்று சார் கணக்குப் போட்டார். பலகை செய்துகொடுத்த ஆசாரி அதை இருபத்து மூன்றாக வைத்துக்கொள்ளலாமே என்றார். "ஒரு மில்லியில என்ன சார் குடி முழுகிப்போவுது?" சார் பொறுமையாக அவருக்கு வானம் சுற்றும் வேகத்திலிருந்து ஆரம்பித்து விளக்கினார். முழுவதையும் கேட்டுவிட்டு ஆசாரி பென்சிலைக் காதிலிருந்து எடுத்து, புதிதாகக் கோடு போட்டுத் துளைத்தார். கூலியில் பாதியை வாங்க மறுத்துவிட்டார். பின்னாளில் மோட்டார் வைத்த தாங்கியும் அதன்மேல் சிறு தொலைநோக்கியும் வந்தன என்றாலும், அந்தப் பலகை இன்னும் என் மேசைக்குக் கீழே இருக்கிறது.

துருவ நட்சத்திரத்தைப் பிடிப்பதுதான் எங்கள் ஊர்க்காரர்களின் தனிப் பாடு. வெளிநாட்டுப் பத்திரிகைகள் "துருவ நட்சத்திரத்தை நோக்கித் திருப்புங்கள்" என்று ஒரே வரியில் முடித்துவிடும். அவர்களுக்கு அது பாதி வானத்தில் நிற்கிறது. நமக்குப் பன்னிரண்டரை டிகிரி. அடிவானப் புழுதிக்குள், புளியமரத்துக்குப் பின்னால். தெற்கே ஒரு நட்சத்திரம், கிழக்கே ஒரு நட்சத்திரம் எனப் பார்த்து, அவை குறுக்குக் கம்பியைவிட்டு எந்தப் பக்கம் விலகுகின்றன என்று கவனித்து, தாங்கியைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்த வேண்டும். மாலை முழுக்க அதற்கே போய்விடும். ஆனால் அதே பன்னிரண்டரை டிகிரி நமக்குக் கொடுத்ததையும் சொல்ல வேண்டும். லண்டன்காரரும் நியூயார்க்காரரும் தங்கள் வீட்டு வாசலிலிருந்து ஆயுசுக்கும் பார்க்க முடியாத கரீனா நெபுலா, நமக்குப் பங்குனி சித்திரையில் தெற்கு மலைமுகட்டுக்கு மேல் பதினெட்டு டிகிரி உயரத்தில் வந்து நிற்கும்.

தையும் மாசியும்தான் எங்களுக்குப் பருவம். ஐப்பசி கார்த்திகை மழை ஓய்ந்து, வானம் கழுவிவிட்டாற்போல இருக்கும். அமாவாசையை ஒட்டிய சனிக்கிழமை கடைசிப் பேருந்தில் ஏறி, சாருக்குத் தெரிந்த ஒருவரின் சாமைக் கொல்லையில் இறங்குவோம். டார்ச்சுக்குச் சிவப்புக் கண்ணாடித்தாள் சுற்றியிருக்கும். காமிரா ருஷ்யாவின் ஜெனிட். பேட்டரி வேண்டாத வெறும் எந்திரம், எத்தனை மணி நேரமும் கதவைத் திறந்தபடி நிற்கும். லென்ஸுக்கு முன்னால் கறுப்பு அட்டையைப் பிடித்துக்கொண்டு, கேபிளை அழுத்தி, ஆட்டம் அடங்கியதும் நான் அட்டையை எடுப்பேன். "ஆரம்பம்" என்பேன். சார் அதற்குள் வழிகாட்டித் தொலைநோக்கியில் கண்ணை வைத்திருப்பார். குறுக்குக் கம்பிகளின் நடுவே ஒரு நட்சத்திரம். சின்ன சிவப்பு பல்பு அந்தக் கம்பிகளை மட்டும் மினுக்கும். நட்சத்திரம் மயிரிழை நகர்ந்தால் அவர் பொத்தானை அழுத்தி மோட்டாரைத் திருத்துவார். ஒரு மணி நேரம். கண்ணை எடுக்க முடியாது, எழுந்து போக முடியாது, கொசு கடித்தால் கடித்ததுதான்.

அந்த ஒரு மணி நேரத்தில் பேசத்தான் முடியும். இன்று யோசித்தால், என் வாழ்க்கையில் நான் கேட்ட நல்ல பேச்சில் பாதி, முகம் தெரியாத இருட்டில், கண்ணைக் குழாயில் வைத்திருந்த ஒரு மனிதர் வாயிலிருந்து வந்தது. தம் அப்பா ஆருத்ரா தரிசனத்துக்குச் சிதம்பரம் போன கதை, மார்கழியில் களி கிண்டிக் கும்பிடுகிற திருவாதிரையும் நாங்கள் படம் எடுக்கும் ஓரியனின் தோளும் ஒரே நட்சத்திரம்தான் என்பது, பகா எண்களுக்கு முடிவில்லை என்பதற்கான யூக்ளிடின் நிரூபணம். ஒரு நாள் நடுச்சாமத்தில் கம்பளி போர்த்திய பெரியவர் ஒருவர் வந்து நின்றார். "என்ன சாமி, புதையலா?" என்றார். படம் எடுக்கிறோம் என்றோம். அண்ணாந்து பார்த்தார். "ஆறாமீன் சாஞ்சு போச்சே, இனிமே என்னாத்த எடுக்கறது" என்று நேரத்தைச் சொன்னார். கைக்கடிகாரத்தைப் பார்த்தேன், மேற்கே கார்த்திகை சரிந்து, நடுச்சாமம் தாண்டியிருந்தது. பிறகு அவரும் உட்கார்ந்துகொண்டார். அவித்த மொச்சை கொண்டுவந்து கொடுத்தார். அட்டையை மூடி "முடிஞ்சது" என்று நான் சொன்னதும் எங்களோடு சேர்ந்து அவரும் பெருமூச்சு விட்டார்.

அதற்கப்புறம் ஒரு வாரக் காத்திருப்பு. ஸ்டுடியோ அண்ணன் முதல் சுருளைக் கழுவிவிட்டு, "தம்பி, ஒண்ணுமே விழலையே, பிரிண்ட் போட்டா காசுக்குத்தான் கேடு" என்று அக்கறையாக நெகட்டிவை மட்டும் சுருட்டிக் கொடுத்தார். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தால் வெறும் படலம்; அதில் ஊசிமுனைக் கறுப்புப் புள்ளிகள். படம் எங்கே முடிந்து அடுத்தது எங்கே தொடங்குகிறது என்று அவருக்கும் தெரியாது, வெட்டும் கத்தரிக்கும் தெரியாது. அதனால் ஒவ்வொரு சுருளிலும் முதல் படமாகப் பகலில் ஏதாவது ஒன்றை எடுத்துவைப்போம். அதிலிருந்து அளந்து வெட்டுவார். சாரின் சைக்கிள், கோயில் கோபுரம், வாசலில் அம்மா. அப்படித்தான் எங்கள் வீட்டு ஆல்பத்தில் அம்மா படத்துக்குப் பக்கத்திலேயே ஓரியன் நெபுலா இருக்கிறது. அண்ணனுக்கும் மெல்ல ருசி தட்டிவிட்டது. சிவப்பைக் கொஞ்சம் கூட்டவா, பின்னணியைக் கொஞ்சம் இருட்டாக்கவா என்று அவரே கேட்டு மறுபடி மறுபடி பிரிண்ட் போடுவார். ரோசெட் முதன்முதலாக விழுந்த அன்று — நகத்தளவு, வெளிறிய சிவப்பு வளையம் — அதைப் பெரிதாக்கிக் கல்யாணப் படங்களுக்கும் பாஸ்போர்ட் படங்களுக்கும் நடுவே கண்ணாடி அலமாரியில் மாட்டினார். பூ போல இருக்கிறது, எந்தக் கல்யாண மண்டபம் என்று யாரோ கேட்டார்களாம். ஐயாயிரம் ஒளியாண்டுத் தொலைவு என்று அண்ணன் பதில் சொன்னதை எனக்குச் சொல்லும்போது அவர் முகத்தில் இருந்த பெருமிதம் இன்னும் கண்ணிலேயே நிற்கிறது.

பிறகு டிஜிட்டல் வந்தது. எடுத்த மறுநொடி திரையில் படம். சுருள் கிடையாது, ஸ்டுடியோ கிடையாது, காத்திருப்பு கிடையாது. ஆனால் இத்தனை முன்னேற்றத்திலும் அந்தச் சிவப்பு காணாமல் போனது. முகமும் துணியும் இயல்பான நிறத்தில் விழ வேண்டும் என்று உணரிக்கு முன்னால் ஒரு வடிகட்டிக் கண்ணாடி வைக்கிறார்கள்; அது ஹைட்ரஜனின் சிவப்பில் முக்கால்வாசியைத் தடுத்துவிடும். ஸ்டுடியோ அண்ணனின் பிரிண்டில் இருந்த ரோசெட், புதிய காமிராவில் இல்லை. உலகமெங்கும் அமெச்சூர்கள் விலை கொடுத்து வாங்கிய காமிராவைத் திருகுளி வைத்துத் திறந்து, அந்தக் கண்ணாடியைக் கழற்றி வீசினார்கள். 2005-ல் கேனன் நிறுவனமே வானத்துக்கென்று வடிகட்டி மாற்றிய 20டிஏ காமிராவை வெளியிட்டது. நாங்களும் கழற்றினோம். அன்றிரவு திரையில் மறுபடியும் அந்தச் சிவப்பைப் பார்த்ததும் சார், "வந்துட்டாம்மா" என்றார், ஊரிலிருந்து திரும்பிய பிள்ளையை வீட்டுக்குள் சொல்வதுபோல.

இன்று என்னிடம் இருப்பது பூஜ்ஜியத்துக்குக் கீழே குளிரூட்டப்பட்ட காமிரா. நூறு ஒளித்துகளில் எண்பதுக்கு மேல் பிடிக்கும். ஒரு மணி நேரத்தை ஒரே படமாக எடுக்க வேண்டியதில்லை. ஐந்தைந்து நிமிடமாக எடுத்து அடுக்கினால் போதும், நாலு மடங்கு படம் சேர்ந்தால் இரைச்சல் பாதியாகும். லென்ஸின் ஓர இருட்டைச் சரிசெய்யக் குழாய்வாயில் வெள்ளை வேட்டியைக் கட்டி வைகறை வெளிச்சத்தில் சில படம். நடுவே செயற்கைக்கோள் கோடு கிழித்தால் மென்பொருள் துடைத்துவிடும்; 2019-க்குப் பிறகு கோடு இல்லாத இரவு ஏது? துருவத்தையும் அதுவே கணக்குப் போட்டுப் பிடித்துவிடும். வழிகாட்டி நட்சத்திரத்தைத் தேர்ந்தெடுப்பதும் அதுதான், நொடிக்கு நொடி திருத்துவதும் அதுதான். நாங்கள் காருக்குள் போர்த்திக்கொண்டு தூங்கலாம். விடிந்து பார்த்தால், டேவிட் மாலினின் புத்தகத்தில் நான் வாய்பிளந்து பார்த்ததற்குக் கிட்ட வரும் குதிரைத் தலை மடிக்கணினியில் இருக்கிறது. இதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். அந்தப் பையனிடம் போய்ச் சொன்னால் அழுதுவிடுவான்.

ஆனாலும் ஒன்று போய்விட்டது. ரோசெட்டை எடுத்த இரவில் எந்த நட்சத்திரத்தைப் பிடித்துக்கொண்டிருந்தோம் என்று சாரைக் கேளுங்கள், முப்பது வருஷம் கழித்தும் வரைபடத்தில் விரல் வைத்துக் காட்டுவார். அதன் லேசான ஆரஞ்சு நிறத்தையும், கிழக்கே இருந்த அதன் மங்கலான துணையையும் சொல்வார். போன மாசியில் எடுத்த படத்துக்கு எந்த நட்சத்திரம் வழிகாட்டியது? எங்கள் இருவருக்கும் தெரியாது. படத்தில் ஒவ்வொரு ஒளித்துகளும் எண்ணப்பட்டிருக்கிறது, அவை வந்து விழுந்த நேரத்தில் அங்கே யாரும் கூட இருக்கவில்லை.

இருட்டும் குறைந்துவிட்டது. தெருவிளக்கெல்லாம் மஞ்சள் சோடியமாக இருந்தவரை, அந்த ஒரு நிறத்தை மட்டும் தடுக்கும் வடிகட்டி போட்டுச் சமாளிக்கலாம். வெள்ளை எல்.இ.டி. எல்லா நிறத்திலும் பரவுகிறது, அதை எதை வைத்துத் தடுப்பது? 2012-ல் மாவட்டங்களெல்லாம் மணிக்கணக்கான மின்வெட்டில் புழுங்கியது உங்களுக்கும் நினைவிருக்கும். விசிறி நின்று, குழந்தைகள் அழுது, ஊரே மொட்டை மாடிக்கு ஏறிய அந்த இரவுகளில், ஊர் நடுவிலிருந்தே பால்வீதி தெரிந்தது. பக்கத்து மாடியிலிருந்து ஒரு அம்மா, "அது என்ன தம்பி, மேகமா?" என்று கேட்டார். பிறகு மின்சாரம் சீரானது, 2019-ல் எங்கள் ஊர் மாவட்டத் தலைநகரும் ஆனது. பிள்ளைகள் விளக்கு வெளிச்சத்தில் படிக்கட்டும், பெண்கள் பயமில்லாமல் தெருவில் நடக்கட்டும், அதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை. வெளிச்சத்தை மேலே விடாமல் தரையை நோக்கி விடலாமே என்பதுதான் நான் எல்லோரிடமும் கேட்டுக்கொண்டிருப்பது.

அக்கா பேத்திக்கு வாங்கிக் கொடுத்த தொலைநோக்கி, 2023-ல் வந்த சீஸ்டார், கைப்பைக்குள் அடங்குகிறது. ஐம்பது மில்லிமீட்டர் லென்ஸ்தான். தானே வானத்தைப் பார்த்துத் தானே திரும்பிக்கொள்கிறது. பத்துப் பத்து நொடியாக எடுத்துச் சேர்த்து அலைபேசிக்கு அனுப்புகிறது. சென்னையில் அடுக்குமாடி மாடியில் அவள் ஓரியனை வைத்துவிட்டு நின்றாள். திரையில் புகை திரண்டது, பிறகு சிவந்தது, பிறகு சிறகு விரித்தது. "தாத்தா, நடுவுல மட்டும் ஏன் பச்சையா இருக்கு?" என்றாள். அந்த வயதில் எனக்கு அந்தக் கேள்வி வந்திருக்க வழியே இல்லை. என் ஃபிலிம் அந்தப் பச்சையைக் காட்டியதில்லை. அது இரட்டை அயனியான ஆக்சிஜன் என்று சொன்னேன். 1864-ல் வில்லியம் ஹக்கின்ஸ் ஒரு நெபுலாவின் நிறமாலையில் அந்தப் பச்சைக் கோட்டைக் கண்டதும், பூமியில் இல்லாத புதுத் தனிமமோ என்று பிறகு பலரும் தேடியதும், 1927-ல் ஐரா போவன்தான் அது ஆக்சிஜன் என்று தீர்த்துவைத்ததும் சொன்னேன். அலைபேசியை மடியில் வைத்துவிட்டுக் கேட்டாள். படம் பாட்டுக்குச் சேர்ந்துகொண்டிருந்தது. அந்தப் பேச்சுக்கு நேரம் கிடைத்ததும் அந்தப் பெட்டி தானாக வேலை செய்ததால்தான் என்பதை நான் ஒப்புக்கொண்டாக வேண்டும்.

இன்னொன்றும் இருக்கிறது. ஓரியன் நெபுலாவை 1880 செப்டம்பர் 30-ல் 51 நிமிடம் ஒளிகாட்டி முதன்முதலாகப் படம் பிடித்த ஹென்றி டிரேப்பர் ஒரு மருத்துவர்; 1883-ல் கண்ணுக்குத் தெரியாத நட்சத்திரங்களும் அதில் விழும்படி எடுத்த ஆண்ட்ரூ காமன் ஒரு பொறியாளர். பிழைப்புக்கு வேறு வேலை, இரவுக்கு இது. 2004 ஜனவரியில் கென்டக்கியின் ஜே மெக்நீல் மூன்று அங்குலத் தொலைநோக்கியில், ஓரியனின் எம் 78 பக்கத்தில், அதுவரை பட்டியலில் இல்லாத ஒரு நெபுலா ஒளிர்வதைக் கண்டார். ஆண்ட்ரோமெடா விண்மீன் மண்டலமோ வானத்திலேயே மிக அதிகமாகப் படம் எடுக்கப்பட்ட பொருட்களில் ஒன்று. அதன் பக்கத்திலேயே பிரம்மாண்டமான ஆக்சிஜன் வில் ஒன்று இருப்பதை 2022-ல் கண்டு மறுவருடம் உலகுக்குச் சொன்னவர்கள் டிரெக்ஸ்லர், ஸ்ட்ராட்னர், செய்ன்டி என்ற அமெச்சூர்கள். நூறு மணி நேரத்துக்கு மேல் ஒளியைச் சேர்த்திருந்தார்கள். பெரிய தொலைநோக்கிகளுக்கு அத்தனை அகலமான வானத்தை ஒரே பார்வையில் பார்க்க முடியாது. அவற்றின் நேரமும் யாருக்கும் அவ்வளவு கிடைக்காது. ஒரு மொட்டை மாடியும், நல்ல வடிகட்டியும், விடாத மனசும் இருப்பவருக்குக் கிடைக்கும்.

வருகிற மாசி அமாவாசைக்கு நானும் சாரும் இரண்டு இரவுக்கு மறுபடி மலையேறுகிறோம். அவருக்கு முழங்கால் வலி, கார் கொல்லைவரைக்கும் போகும். என்ன எடுப்பது என்பதில் ஒரு மாதமாகத் தகராறு. அவருக்குக் கரீனாதான் வேண்டும். நான் வேலா என்கிறேன்: பதினோராயிரம் ஆண்டுகளுக்கு முன் வெடித்த நட்சத்திரத்தின் மிச்சம், எட்டு டிகிரி அகலத்துக்கு நார் நாராகச் சிதறிக் கிடக்கிறது. அதன் நடுவே நொடிக்குப் பதினொரு முறை துடிக்கும் பல்சர். வடக்கே இருப்பவர்களுக்கு எட்டாத உயரத்தில் நமக்கு வருகிறது, அந்த ஆக்சிஜன் இழைகளுக்கு இரண்டு இரவும் முழுசாக வேண்டும். "எனக்கு எழுபத்தெட்டு ஆவுது, கரீனாவை விட்டுக் கொடுக்க மாட்டேன்" என்கிறார் சார். வேலா முன்னிரவில் உச்சிக்கு வந்து சரிந்துவிடும், கரீனா நடுச்சாமத்தை ஒட்டித்தான் உச்சிக்கு வரும். இரண்டையும் ஒரே இரவில் எடுக்கலாம் என்று நேற்று நேர அட்டவணை போட்டு அனுப்பினேன். நடுவில் தூங்க முடியாதே என்று எழுதியிருக்கிறார். தூங்க வேண்டாம் சார், பேசிக்கொண்டிருப்போம் என்று பதில் போட்டிருக்கிறேன்.